மூலிகைச் சாறும் புற்றுநோயும்: ஆராய்ச்சிச்சாலை சொல்வது யாது?

நாமகிரிப்பேட்டை ஏலக் களத்திலே மஞ்சள் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. கொல்லிமலைச் சரிவுகளிலே எண்ணற்ற மூலிகைகள் தாமே முளைத்துத் தழைக்கின்றன. சேலம், நாமக்கல் சமவெளியின் வேலியோரங்களில் நித்தியகல்யாணி ஆண்டு முழுவதும் பூத்து நிற்கிறது. இத்தகைய செடிகள் பலவற்றைப் பற்றி, "புற்றுநோய் உயிரணுக்களைக் கொல்கிறது" என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. அச்செய்தி வாய்க்கு வாய் பரவும்பொழுது, "புற்றுநோயைக் குணப்படுத்துகிறது" என்று மாறிவிடுகிறது.

இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். அத்தூரத்தை அறியாத நோயாளி உயிரை இழக்க நேரிடும்; அறியாத உழவர் நிலத்தையும் முதலையும் இழக்க நேரிடும். ஆகவே, மூலிகைச் சாறு எவ்வாறு சோதிக்கப்படுகிறது, அச்சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பவற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சோதனை நடைபெறும் முறை

புதிய சாயம் ஒன்று வந்தால், நெசவாளர் அதனை உடனே பாவு முழுவதற்கும் ஏற்றிவிடுவதில்லை. ஒரு நூற்சிட்டத்துக்கு மட்டும் ஏற்றி, உலர்த்தி, சோப்பு நீரில் அலசி, வெயிலில் காயவிட்டுப் பார்க்கிறார். சாயம் நின்றால்தான் அடுத்த படி. மூலிகைச் சோதனையும் இவ்வாறு படிப்படியாக நடைபெறுவதேயாகும். உயிரணுச் சோதனை என்பது அந்த முதற் சிட்டம் மட்டுமே.

முதலில், கொண்டுவந்த செடி இன்னதுதான் என்று தாவரவியல் வல்லுநர் உறுதி செய்ய வேண்டும். ஒரே பெயரை ஊருக்கு ஊர் வேறு வேறு செடிக்கு வழங்குவது நம் நாட்டில் இயல்பு. ஆதலால் செடியின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, இடமும் நாளும் குறித்து வைப்பார்கள். பின்னர், இலையையோ வேரையோ நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ சாராயச் சத்திலோ ஊறவைத்து வடிகட்டி, திரவத்தை ஆவியாக்கினால் அடியில் பசை போன்ற பொருள் எஞ்சும். இதுவே சாறு எனப்படுவது. இதில் ஒரு பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கும்.

அடுத்து வேண்டியவை புற்றுநோய் உயிரணுக்கள். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்றீட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து சிறிது தசை எடுக்கப்பட்டது. அவருடைய சம்மதம் கேட்கப்படவில்லை. அவர் அவ்வாண்டிலேயே மறைந்தார். அவ்வுயிரணுக்களோ கண்ணாடிக் கலத்தில் பெருகிக்கொண்டே சென்று, 'ஹீலா' என்னும் பெயரில் இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சிச்சாலைகளில் வாழ்கின்றன. மார்பகம், நுரையீரல், குடல், இரத்தம் ஆகியவற்றின் புற்றுகளிலிருந்தும் இவ்வாறே உயிரணு வரிசைகள் உண்டாக்கப்பட்டுள்ளன. நம் நாட்டில் புனே நகரத்துத் தேசிய உயிரணு அறிவியல் மையம் இவற்றைப் பாதுகாத்து, கேட்கும் ஆராய்ச்சியாளர்க்கு வழங்குகிறது.

இவ்வுயிரணுக்களை உடற்சூடாகிய 37 பாகையில் வைத்து, 8 வரிசையில் 12 வீதம் 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் இடுகிறார்கள். பல்லாங்குழிப் பலகையை மிகச் சிறியதாக்கியது போன்றது அத்தட்டு. சில குழிகளில் சாறு அதிகம், சிலவற்றில் குறைவு, சிலவற்றில் சாறே இல்லை. ஒரு நாளோ, இரண்டு மூன்று நாட்களோ கழித்து ஒரு மஞ்சள் நிறச் சாயத்தை ஊற்றுகிறார்கள். உயிரோடுள்ள உயிரணு அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும், இறந்தது மாற்றாது. ஊதாவின் அடர்த்தியைக் கருவி கொண்டு அளந்தால், எத்தனை பங்கு பிழைத்தன என்பது தெரியும். 1983இல் வெளியிடப்பட்ட இம்முறையே இன்று பல கல்லூரிகளில் கையாளப்படுகிறது.

உயிரணுக்களைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதே முடிவாகக் குறிக்கப்படும் எண். அவ்வெண் சிறிதாக இருப்பின் சாறு வீரியமுள்ளது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்படும் சாற்றை, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பழைய அளவுகோல் ஊக்கமுள்ளதாகக் கொள்ளவில்லை. ஆகவே, ஒரு கட்டுரையில் "கொன்றது" என்று படித்தால், "எவ்வளவு சாற்றில்?" என்று கேட்பதே அறிவுடைமை.

கிண்ணம் மறைக்கும் உண்மைகள்

கண்ணாடிக் கலத்தில் உயிரணுவைக் கொல்வது கடினமன்று. உப்பு மிகுந்தால் அது சாகும். சோப்பு நீர் பட்டால் சாகும். சாராயம் பட்டாலும் சாகும். இவற்றைப் புற்றுநோய்க்கு மருந்து என்று எவரும் சொல்லார். நோயுற்ற உயிரணுவைக் கொன்று, நலமான உயிரணுவை விட்டுவைக்கிறதா என்பதே கேள்வி. ஆதலால் நல்ல சோதனையில் நலமான உயிரணுக்களும் அருகிலே வைத்துச் சோதிக்கப்படும்.

மற்றொன்று, சில மூலிகைச் சாறுகள் உயிரணு ஏதும் இல்லாமலேயே அந்த மஞ்சள் சாயத்தை நிறம் மாற்றக்கூடியவை. அப்பொழுது அளவு பிழைபடும். இன்னொன்று, தட்டில் நலிந்த உயிரணு வேறு, மனித உடலில் வேரூன்றிய புற்று வேறு. உண்ட பொருள் இரைப்பையைக் கடந்து, குடலில் ஊறி, ஈரல் அதனைச் சிதைத்தது போக எஞ்சியதே இரத்தத்தில் சேரும். தட்டில் இத்தடைகள் எவையும் இல்லை.

வயல் வேலையில் பழகிய நம்மவர்க்கு இது புதிதன்று. ஒரு தொட்டியில் புழுவைக் கொன்ற மருந்து, நான்கு ஏக்கர் வயலில், காற்றிலும் மழையிலும் அவ்வாறே பலிப்பதில்லை அல்லவா?

மஞ்சள் கற்பிக்கும் பாடம்

நம் பகுதியின் பணப்பயிராகிய மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். கேரளத்துத் திருச்சூரிலுள்ள அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த இராமதாசன் குட்டன் முதலியோர் 1985இல் மஞ்சள் சாற்றைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் என்னும் அளவில் அது புற்று உயிரணுக்களைக் கொன்றது. விலங்குகளின் கட்டிகளையும் குறைத்தது. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினே அதன் காரணம் என்றும் கண்டார்கள். ஆனால் அதே அளவில் அச்சாறு இரத்தத்தின் நலமான வெள்ளணுக்களையும் கொன்றது என்பதையும் அவர்கள் மறையாது எழுதினார்கள். நேர்மையான ஆராய்ச்சிக்கு அதுவே அடையாளம்.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் சாறு இருக்க வேண்டுமாயின், 2 கிராம் சாறு முழுவதும் ஒரே நேரத்தில் இரத்தத்திலே கலந்து நிற்க வேண்டும். உண்பதால் இஃது இயலுமா? தைவானில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரை குர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். பெருந்தீங்கு ஒன்றும் நேரவில்லை; ஆனால் இரத்தத்தில் சேர்ந்தது மிகச் சொற்பமே. மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு 3 பங்கு என்று வைத்துக்கொண்டால், 8 கிராம் குர்க்குமினுக்கு நாள்தோறும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும்!

2017இல் அமெரிக்க இரசாயன அறிஞர் குழுவொன்று, குர்க்குமினைக் குறித்து அதுவரை நடந்த 120க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து நோக்கியது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது வெறும் பொடி என்று தெரியாதவாறு நடத்தப்படும் கண்டிப்பான சோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. மஞ்சளுக்கு இதனால் இழுக்கு ஒன்றுமில்லை. சமையலுக்கும் சாயத்துக்கும் மங்கலத்துக்கும் அது உரியதே. தட்டில் பெற்ற வெற்றியை நோயாளியின் படுக்கை வரை நீட்டிப் பேசுவதுதான் பிழை.

வென்ற மூலிகை எவ்வாறு வென்றது?

மூலிகையிலிருந்து புற்றுநோய் மருந்து வரவே வராதோ என்று ஐயுற வேண்டியதில்லை. நித்தியகல்யாணியே அதற்குச் சான்று.

இச்செடியின் இலைச்சாறு நீரிழிவுக்கு நல்லது என்று பல நாடுகளில் மக்கள் நம்பி வந்தார்கள். 1952இல் ஜமைக்காத் தீவிலிருந்து அதன் இலைகள் கனடா நாட்டுக்கு அனுப்பப்பட்டன. அங்கே இராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் எலிகளுக்குச் சாற்றை ஊட்டிப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபொழுதோ எலிகள் தொற்றுநோயால் மடிந்தன. வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வேறொருவராயின் தோல்வி என்று விட்டிருப்பார். வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுவதே இரத்தப் புற்றுநோய் ஆதலால், அவற்றைக் குறைக்கும் பொருள் பயன்படுமே என்று இவர்கள் சிந்தித்தார்கள். அப்பொருளைப் பிரித்தெடுத்து, வின்பிளாஸ்டின் என்று பின்னர் வழங்கிய மருந்தை 1958இல் அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் இலைலில்லி நிறுவனத்தைச் சார்ந்த கார்டன் சுவோபோடா முதலியோரும் இச்செடியை ஆராய்ந்து, வின்கிரிஸ்டின் என்னும் இன்னொரு பொருளைக் கண்டார்கள். அது 1963இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

இம்மருந்து வேலை செய்யும் விதம் நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்பொழுது அதனுள்ளே மெல்லிய இழைகள் தோன்றி, நடுவில் பருத்தும் இருமுனையில் குவிந்தும் நூல் சுற்றிய கதிர் போல அமைகின்றன. விஞ்ஞானிகளும் அதற்குக் கதிர் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அவ்விழைகளே உயிரணுவின் பொருள்களை இருபுறமும் சமமாக இழுத்துப் பங்கிடுகின்றன. நித்தியகல்யாணியின் மருந்து அவ்விழைகள் கூடாதவாறு தடுத்துவிடுகிறது. கதிர் இல்லையேல் பிரிவினை இல்லை. பிரியாத உயிரணு மடிகிறது. விரைந்து பெருகும் புற்றுக்கே இதனால் அடி அதிகம். ஆயினும் நரம்புகளுக்கும் ஊறு உண்டு. ஆதலின் அளவு மிகக் கண்டிப்பானது: வளர்ந்தவருக்கும் வின்கிரிஸ்டின் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாதவாறு, இரத்தச் சிரையினுள் ஊசியாக மட்டுமே செலுத்தப்படுகிறது.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இம்மருந்து வேறு மருந்துகளோடு சேர்த்து வழங்கப்படுகிறது. முன்னர் அநேகமாக மரணமென்றே கருதப்பட்ட அந்நோயில், வசதி மிக்க நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

இங்கே கருத வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பெற ஏறத்தாழ 2,000 கிலோ உலர்ந்த இலை வேண்டும். மானாவாரியில் இரண்டரை ஏக்கர் நிலம் தரும் இலை ஏறக்குறைய இவ்வளவே. அந்த ஒரு கிராமோ 2 மில்லிகிராம் வீதம் 500 வேளைக்கு வரும். ஆகவே, வேலியோரத்து இலையைப் பறித்துக் கஷாயமிட்டுக் குடிப்பவர் மருந்தைக் குடிப்பதில்லை. அளவறியாத, பல பொருள் கலந்த நச்சுநீரையே குடிக்கிறார்.

நெடிய வழி, சில பேரே சேர்ந்தார்

லக்னோவில் 1951இல் தொடங்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இந்தியத் தாவரங்களை வரிசையாகச் சோதிக்கும் பெருவேலையை மேற்கொண்டு, 1968இல் முதற்பகுதி முடிவுகளை வெளியிட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 1960 முதல் 1982 வரை 1,14,000 தாவரச் சாறுகளைச் சோதித்தது. அவற்றிலிருந்து நோயாளிக்குப் பயன்படும் மருந்தாக முதிர்ந்தவை விரல் விட்டு எண்ணத்தக்கவையே.

அவற்றுள் ஒன்றின் வரலாற்றில் தமிழ்நாட்டு அறிஞர் ஒருவருக்குப் பங்கு உண்டு. காம்ப்டோதெசின் என்னும் பொருள் 1966இல் சீனத்து மரமொன்றிலிருந்து பிரிக்கப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கியவரும், பின்னர் பம்பாய் சீபா ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்தவருமான டி. ஆர். கோவிந்தாச்சாரி, தம் தோழர் விசுவநாதனோடு, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரமொன்றிலும் அது இருப்பதை 1972இல் அறிவித்தார். அப்பொருள் நோயாளிகளுக்கு நஞ்சாகத் தோன்றியதால் முதற் சோதனைகள் நிறுத்தப்பட்டன. அதனைச் சீர்திருத்தி உண்டாக்கிய இரு மருந்துகள் 1996இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கண்டுபிடித்ததற்கும் கைக்கு வந்ததற்கும் இடையே 30 ஆண்டுகள்! இதற்கிடையே, நம் மலைக்காட்டு மரங்கள் அளவின்றி வெட்டப்பட்டு அருகிப்போயின. காட்டில் கிடைப்பதைச் சூறையாடும் வாணிபம் எங்கு முடியும் என்பதற்கு இஃது எச்சரிக்கை.

உயிருக்கு நேரும் அபாயம்

நிற்க. இவ்வளவு விரிவாகச் சொல்வதன் நோக்கம், நோயுற்றோர் காலத்தை இழக்கக்கூடாது என்பதே. புற்றுநோய் சிகிச்சையைக் கைவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் மேற்கொண்டவர்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் மரணமடையும் வாய்ப்பு ஏனையோரைக் காட்டிலும் இரண்டரை மடங்கு என்று கண்டார்கள். தொடக்கத்திலே கண்டுபிடித்தால் குணமாகக்கூடிய கட்டி, சில மாதம் கஷாயம் குடித்துக் காத்திருந்தால் கைமீறிப் போகலாம்.

மூலிகையே நேராக உயிரை வாங்குவதும் உண்டு. செங்காந்தள் நம் மாநில மலர். அதன் விதையிலுள்ள கோல்சிசின் வாதநோய்க்கு மருந்தாகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் அதனைப் பயிரிடுகிறார்கள். கோல்சிசினும் உயிரணுவின் கதிரிழைகளையே தாக்குகிறது. ஆதலால் ஆராய்ச்சித் தட்டில் அது நன்றாகவே கொல்லும். ஆனால் அதன் கிழங்கைத் தின்றவர்கள் மாண்டிருக்கிறார்கள். தட்டில் கொல்வது உடலிலும் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடுக்கிறது. அதே 1954இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் சிகிச்சைகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆறாத புண், குறையாத கட்டி, காரணமற்ற இரத்தப் போக்கு, விழுங்குவதில் தடை ஆகியன தோன்றினால், முதலில் அரசு மருத்துவமனையை நாடுவதே கடமை. கஷாயமோ சூரணமோ உட்கொள்பவர் அதனை மருத்துவரிடம் ஒளிக்காது கூற வேண்டும். சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

உழவரும் சங்கமும் செய்யத்தக்கவை

மூலிகைச் சாகுபடி நல்ல தொழிலே. ஆத்தூர், தலைவாசல் பக்கத்து உழவர்கள் மருந்துக்கூர்க்கனை ஒப்பந்தத்தின்பேரில் பயிரிட்டுப் பழகியவர்கள். ஆயினும், "புற்றுநோய்க்கு மருந்தாகும், கோடிக்கணக்கில் தேவை" என்று சொல்லி நாற்று விற்க வருவோரிடம் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

முதலாவது: அச்செடியிலிருந்து அனுமதி பெற்ற மருந்து உண்டா, அன்றி உயிரணுச் சோதனை மட்டும் நடந்ததா? இரண்டாவது: வாங்குவோர் யார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் தருவார்களா? மூன்றாவது: சரக்கின் சத்து எந்த ஆய்வகத்தில், யார் செலவில் அளக்கப்படும்? நான்காவது: தரம் குறைவு என்று சரக்கைத் தள்ளினால் மறு ஆய்வுக்கு இடமுண்டா? இவற்றுக்கு விடை இல்லாவிடில் நாற்றை வாங்காதிருத்தலே இலாபம்.

வென்ற மூலிகைக்கும் சந்தை நிலையானதன்று. 2022இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள், வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் இரண்டையும் நொதிக்கும் ஈஸ்டிலேயே உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். தொழிற்சாலைக் கலத்தில் மலிவாக விளையுமாயின், நிலத்தில் விளைவதன் விலை வீழும். ஆகவே ஒரே மூலிகையை நம்பி முழு நிலத்தையும் ஒப்படைத்தல் தகாது.

தனி உழவர் ஒருவர் கேட்டால் கிடைக்காத ஒப்பந்தம், நூறு பேர் சங்கமாகக் கேட்டால் கிடைக்கும். ஏலத்திலே தரம் பார்த்து, எடை பார்த்து, பணத்தை உரிய நாளில் வழங்கும் பழக்கம் நம் விற்பனைச் சங்கங்களுக்கு உண்டு. அப்பழக்கத்தை மூலிகைக்கும் விரிவாக்கலாம். அத்துடன், இன்ன ஊரில் இன்ன செடியை இன்ன நோய்க்கு வழங்குகிறார்கள் என்பதைச் சங்கம் எழுதி வைத்தல் வேண்டும். காயத்தை மஞ்சளால் ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் அளிக்கப்பட்ட காப்புரிமை, இந்திய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளையும் கட்டுரைகளையும் காட்டி வாதாடியதால் 1997இல் நீக்கப்பட்டது. எழுதி வைத்ததே அன்று நமக்குத் துணையாயிற்று.

கூட்டுறவு அன்பர்களே! நம் மண்ணின் செடிகளை ஆராய்வோரை ஊக்குவிப்போம். நம் கல்லூரி மாணவர்கள் சோதனைத் தட்டுடன் உழைப்பதைப் போற்றுவோம். அவர்கள் ஓர் எண்ணைக் கண்டால், அதனை ஓர் எண்ணாகவே மதிப்போம், மருந்தாக விழுங்காதிருப்போம். ஒரு சிட்டம் சாயம் ஏறியதைக் கண்டு சேலை நெய்தாயிற்று என்று கணக்கெழுதும் சங்கம் எங்கும் இல்லை.